மச்சான் கழனிக்குப் போகாத கம்பளிப்புழு, என் கொல்லைக்கு மட்டும் ஏன்?

செங்கம் ரோட்டுக்காரன்

திருவண்ணாமலை மாவட்டம். மூன்று ஏக்கர் செம்மண் கொல்லை, முழுக்க மானாவாரி. ஆனியில் மழை பார்த்து மல்லாட்டை (நிலக்கடலை) போடுவேன். செடி எழுந்து ஒரு மாதம் ஆகியிருக்காது, சிவப்புக் கம்பளிப்புழு இறங்கிவிடும். போன வருஷம் கிழக்குப் பக்கம் அரை ஏக்கரில் காம்பும் நரம்பும்தான் மிச்சம்.

என் மச்சான் கழனி ஏரிக்குக் கீழே, களிமண். இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. அவரும் மல்லாட்டை போடுகிறார், பேருக்கு ஒரு கம்பளிப்புழு கிடையாது. "உன் கைராசி அப்படி" என்கிறார், அதுவும் தங்கச்சி எதிரிலேயே.

கோடை உழவு ஓட்டாத வருஷம் இல்லை. மருந்துக் கடையில் கேட்டால் பாட்டிலை எடுத்து வைக்கிறார்களே தவிர, காரணம் சொல்ல ஆளில்லை. மண்ணா, மழையா, நிஜமாகவே கைராசியா?

பெரம்பலூர் மக்காச்சோளம்

மண்ணாவது ஒன்றாவது அண்ணே. எங்களுக்குக் கரிசல். 2018இல் படைப்புழு வந்தபோது மண் பார்த்தா வந்தது? கண்ணில் பட்ட மக்காச்சோளம் எல்லாம் போச்சு.

பூச்சியியல் படித்தவள்

பெரம்பலூர் அண்ணா, படைப்புழு வேறு சாதி. அதுவும் மண்ணில்தான் கூட்டுப்புழு ஆகிறது. ஆனால் வெயில் காலத்தில் எட்டு ஒன்பது நாளில் அந்துப்பூச்சியாகிப் பறந்துவிடும், நீண்ட உறக்கம் கிடையாது. அமெரிக்காவில் கடுங்குளிரைத் தாங்காமல், ஃபுளோரிடா, டெக்சாஸ் தென்கோடியில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. பிறகு ஒவ்வொரு வருஷமும் வடக்கே பறந்து போகிறது. நம் ஊரில் அந்தக் குளிர் இல்லாததால் வருஷம் முழுக்க இங்கேயே இருக்கிறது.

செங்கம் அண்ணா, இரண்டு கேள்வி. மச்சான் எந்தப் பட்டத்தில் போடுகிறார்? உங்கள் வரப்பில் மரம் உண்டா?

செங்கம் ரோட்டுக்காரன்

அவர் சம்பா நெல் அறுத்துவிட்டுத் தையில் போடுவார். எனக்குக் கிழக்கு வரப்பில் இரண்டு புளியமரம், ஒரு வேம்பு. அப்பா வைத்தது, வெட்டச் சொல்லாதீர்கள்.

பூச்சியியல் படித்தவள்

வெட்ட வேண்டாம். ஆனால் உங்கள் புழுவுக்கு வீடு அந்த வரப்புதான்.

கம்பளிப்புழு தின்று முடித்ததும் நிழலும் லேசான ஈரமும் இருக்கும் இடம் தேடிப் போகும். மரத்தடியிலும் வரப்போரத்திலும் பத்து இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் மண்கூடு கட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட பத்து மாதம் அசையாமல் கிடக்கும். செம்மண் பொலபொலவென்று இருப்பதால் இறங்குவதும் சுலபம், ஏறுவதும் சுலபம். அடுத்த ஆனியில் கனமழை பெய்து ஈரம் உள்ளே இறங்கினால், இரண்டு மூன்று நாளில் அந்துப்பூச்சிகள் மொத்தமாக வெளியே வரும். வெள்ளை இறக்கை, முன்விளிம்பில் மஞ்சள் கோடு. ஒரு தாய் அறுநூறு எழுநூறு முட்டை வைக்கும். அந்த நேரத்துக்குச் சரியாக உங்கள் மல்லாட்டை இளசாக நிற்கிறது.

மச்சான் கழனியில் நெல்லுக்கு மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கிறது, கூட்டுப்புழு அழுகிப்போகும். அப்படியே ஒன்றிரண்டு பிழைத்து ஆனியில் வெளியே வந்தாலும் அங்கே மல்லாட்டை இருக்காது. களிமண் மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை, பட்டமும் சேர்ந்துதான். அவரை ஆனியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கைராசி தெரியும்.

'கோடை உழவு கோடி நன்மை' என்று சுவரில் எழுதுகிறார்கள். டிராக்டர் வரப்பில் ஏறாது என்பதை யாரும் எழுதுவதில்லை. மரத்தடியை மண்வெட்டியால் கொத்திப் பாருங்கள்.

விழுப்புரம் பெரியவர்

தம்பி, வேம்பு இருக்கிறது என்றாயே. முதல் மழைக்கு அடுத்த ராத்திரி டார்ச் அடித்துப் பார். பழுப்பு வண்டு இலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தால், அதன் பிள்ளைதான் வேர்ப்புழு. அதற்கும் இந்த மாதிரி இளக்கமான மண்தான் பிடிக்கும். கிளையை உலுக்கிக் கீழே விழுவதைப் பொறுக்கி மண்ணெண்ணெய்த் தண்ணீரில் போடு.

செங்கம் ரோட்டுக்காரன்

நேற்றுக் காலையில் நானும் பையனும் பெரிய புளியமரத்தடியில் கொத்தினோம். ஒரு கட்டில் அகல இடத்தில் முப்பத்தொன்று, கருஞ்சிவப்பாக, பேரீச்சங்கொட்டை மாதிரி. அசையாது என்று பார்த்தால் தொட்டதும் வாலை ஆட்டுகிறது. மைனாக்கள் சத்தம் கேட்டே வந்துவிட்டன, பாதியை அவை தின்றன.

ஒரு சந்தேகம். மூன்று வருஷம் முன்பு ஆனி ஆடி இரண்டிலும் மழை இல்லை. அப்போது கம்பளிப்புழு இல்லை, ஆனால் கொல்லை தீய்ந்த மாதிரி ஆனது.

பூச்சியியல் படித்தவள்

இலை மடிந்து ஒட்டியிருந்ததா? அப்படியானால் சுருள்பூச்சி. அது வறட்சிக்கு வருவது, நல்ல மழை பிடித்தால் குறைந்துவிடும். உங்கள் கொல்லைக்கு இரண்டு பக்கமும் அடிதான் அண்ணா.

மீதி வரப்பையும் ஆனிக்குள் கொத்திவிடுங்கள். மழை பெய்ததும் மூன்று நான்கு இடத்தில் விளக்குப்பொறி வையுங்கள், முடியாவிட்டால் முன்னிரவில் தீ மூட்டுங்கள். ஓரத்தில் தட்டைப்பயறு இரண்டு வரிசை விதைத்தால் பூச்சி அதில் முட்டை வைக்கும், முட்டை இலையைக் கிள்ளி எடுத்துவிடலாம். பக்கத்துக் கொல்லைக்காரரும் செய்தால்தான் பலன். வளர்ந்த புழு ஒரு கொல்லையை முடித்துவிட்டு அடுத்ததற்குக் கூட்டமாக நடக்கும்.

செங்கம் ரோட்டுக்காரன்

பக்கத்துக் கொல்லைக்காரரோடு வரப்புத் தகராறு, நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. இப்போது அதே வரப்பைக் கொத்த வேண்டுமாம். பையனைத் தூது அனுப்பியிருக்கிறேன்.