ஐரோப்பிய வால்நட் மேஜை: விலை தகுமா? காடு அழிகிறதா?

ஜேபிநகர்வாசி:
சாப்பாட்டு மேஜை தேடுகிறோம். இந்திராநகரில் ஒரு கடையில் ‘ஐரோப்பிய வால்நட்’ என்று காட்டினார்கள், சாம்பல் கலந்த பழுப்பில் கறுப்பு வரி ஓடுகிறது, அழகுதான், ஆனால் விலை அதே அளவு தேக்கு மேஜையைவிட இரண்டு மடங்கு. தகுமா? அதோடு இதற்காக அங்கே காட்டை வெட்டுகிறார்கள் என்கிறாள் மனைவி. உண்மையா?

மரக்கடை_மணி:
முதலில் குனிந்து பலகையின் ஓரத்தைப் பாருங்கள் சார். முழு மரமென்றால் குறுக்கு வெட்டில் வளையம் தெரியும், மேலே ஓடும் வரி அப்படியே கீழே இறங்கும். இல்லையென்றால் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) மேல் ஒட்டிய வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, அதற்கு இந்த விலை அநியாயம். பில்லில் எந்த வால்நட் என்று எழுதி வாங்குங்கள்; அமெரிக்கக் கறுப்பு வால்நட் வேறு இனம். ஐரோப்பிய மரமும் காஷ்மீரில் செதுக்கு வேலைக்கு எடுக்கும் அக்ரூட்டும் ஒரே இனம்தான், அதனால் ‘ஐரோப்பிய’ என்ற சொல்லுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

வனவியல்_படித்தவள்:
அங்கே ஓக், பீச் மாதிரி வால்நட் கூட்டமாகக் காடாக நிற்பதில்லை. வயல் ஓரம், தோட்டம், ஆற்றோரம் என்று சிதறி நிற்கும், பெரும்பாலும் மனிதன் நட்டது. ரோமானியர்கள் பல இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். நிஜ வால்நட் காடு பார்க்க கிர்கிஸ்தானின் அர்ஸ்லன்பாப் போக வேண்டும். இதற்கு வெயில் வேண்டும், நிழலில் தேறாது, வசந்தத்தில் பிந்தி விழும் உறைபனியில் தளிர் கருகிவிடும். 1709-ல் வந்த கடுங்குளிரில் ஏராளமான மரங்கள் செத்து, 1720-ல் பிரான்ஸ் ஏற்றுமதியையே தடுத்தது. இங்கிலாந்து ஆசாரிகள் அப்புறம் மஹோகனிக்குத் தாவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் சும்மா நிற்கிற மரமும் இல்லை. ரூக் என்கிற காக்கை இனமும் அணிலும் காயைத் தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு மறந்துவிடும், உழாமல் விட்ட வயல்களில் கன்றுகள் முளைப்பது அப்படித்தான். இலையிலும் வேரிலும் இருக்கும் ஜுக்லோன் என்கிற வேதிப்பொருள் பக்கத்துச் செடிகளை வளரவிடாமல் அமுக்கும், கறுப்பு வால்நட்டில் இது இன்னும் கடுமை. தோட்டமாக நட்டு அறுத்த மரமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பதில் சொல்லத் திணறினால் விட்டுவிடுங்கள்.

ஜேபிநகர்வாசி:
நன்றி மேடம். கரையான்?

மரக்கடை_மணி:
தேக்கு அளவுக்குத் தாங்காது. எடை கிட்டத்தட்ட தேக்கு மாதிரிதான், வீட்டுக்குள் மேஜைக்குப் போதும், ஈரச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள்.