அறிக்கை வாசிக்கும் நேரம்: உங்கள் பங்கில் கேட்டதும் நடந்ததும்

மைக் பிடித்தவன், புதுச்சேரி

பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் ஞாயிறு இரண்டாம் பூசையில் அறிக்கை வாசிக்கிறேன். நன்மை, அதாவது நற்கருணை, வாங்கிவிட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு வரும் ஐந்து நிமிடம் என்னுடையது. பாதிப் பேர் வண்டிச் சாவியைத் துழாவத் தொடங்கும் நேரமும் அதுதான்.

அந்த வாரம் எந்த அன்பியத்துக்கு (தெருவாரியான செபக் குழுவுக்கு) எந்தக் கிழமை கூட்டம், மறைக்கல்வித் தேர்வு எப்போது, வின்சென்ட் தே பால் சபை அரிசி கொடுக்கும் நாள், முதல் வெள்ளி ஆராதனை, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை அறிவிக்கும் கல்யாண ஓலை, காணாமல் போன குடை. பூசை தொடங்கும் முன் கருத்துகளையும், அதாவது அன்றைய பூசை யாருக்காக, எதற்காக என்பதையும், நானே வாசிப்பேன். அதற்கு ஒரு நோட்டு. இடது பக்கம் உயிரோடிருப்போர்: பிறந்தநாள், உடல்நலம், நன்றி. வலது பக்கம் இறந்தோர்.

ஒரு ஞாயிறு, நோட்டை எழுதும் கோயில் உபதேசியார் ஊரில் இல்லை. பீடச் சிறுவன் ஒருவன் நோட்டை எழுதி வைத்திருந்தான். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எங்கள் பங்கின் மூத்தவர் ஒருவருடைய பெயரைச் சொல்லி, "அன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று நிறுத்தி நிதானமாக வாசித்துவிட்டேன். மூன்றாம் வரிசையில் ஒரு கைத்தடி மேலே எழுந்தது. அவரேதான். கோயில் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. சாமி இருமினார்.

பூசை முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். "தம்பி, எனக்கு எண்பத்து மூன்று. எனக்கே இல்லாத அவசரம் உனக்கு ஏன்?" என்றார். அதற்குள் செய்தி கோயில் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. அன்று மதியத்துக்குள் துக்கம் விசாரிக்க ஏழு பேர் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், அதில் ஒருவர் மாலையோடு. மாலையை வாங்கி மாதா படத்துக்குப் போட்டுவிட்டு வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாராம். அடுத்த ஞாயிறு அவரே காணிக்கை கட்டிக் கருத்து எழுதிக் கொடுத்தார்: "இதுநாள்வரை உயிரோடிருப்பதற்கு நன்றியாக." சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

உங்கள் பங்கில் அறிக்கை நேரத்தில் கேட்ட, நடந்த எதையாவது எழுதுங்கள். பாடற்குழுச் சண்டைகள் மட்டும் வேண்டாம். அதற்கு இடம் போதாது.

பூக்காரம்மா மகள்

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டு உலை இருபது வருடம் உங்கள் அறிக்கையைக் கேட்டுத்தான் கொதித்தது. அம்மா கோயில் வாசலில் பூ விற்றார். ஒலிபெருக்கியில் கல்யாண ஓலை வாசித்ததும் மடியில் வைத்திருக்கும் வாழைநாரில் ஒரு முடிச்சு விழும். முதல் ஓலைக்கு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலைக்கு இன்னொன்று. மூன்றாவது முடிச்சு விழுந்த அன்று மாலை பெண் வீட்டு வாசலில் நிற்பார். சரம் எத்தனை முழம், பீடத்துக்கு எவ்வளவு, கார் ஜோடனைக்கு எவ்வளவு என்று பேசி முடித்துவிட்டுத்தான் திரும்புவார்.

சாம்பல் புதன் வந்தால் அம்மாவின் முகமும் சாம்பலாகிவிடும். தவக்காலம் முழுக்க பீடத்தில் பூ வைக்க மாட்டார்கள், கல்யாணமும் கிடையாது. அந்த நாட்களில் அதே இடத்தில் உட்கார்ந்து கீரைக்கட்டு விற்பார். அந்த நஷ்டத்தையெல்லாம் ஈடுகட்டுவது கல்லறைத் திருநாள். நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள், ஊரே விடுமுறையில் இருக்கும். நாங்கள் சாமந்தி கோத்துக்கொண்டிருப்போம். மறுநாள் விடிவதற்குள் உப்பளம் கல்லறைக்குப் போய் இடம் பிடிக்க வேண்டும். மெழுகுவர்த்திக்காரர்களோடு இடத்துக்காக அம்மா போட்ட சண்டைகளை இங்கே எழுத முடியாது.

ஒரு முறை இரண்டு முடிச்சோடு ஒரு நார் நின்றுவிட்டது. மூன்றாவது ஞாயிறு அந்தப் பெயர்களை வாசிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மாலை நவநாளுக்கு அந்தப் பெண்ணே தனியாக வந்தார். இரண்டு முழம் மல்லி வாங்கி, கோயில் வாசலிலேயே நின்று தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மா காசு வாங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "முடிச்சை அவிழ்த்தாயிற்று. இனி அதில் என்ன கணக்கு?" என்றார்.

ரெட்டியார்பாளையம்

ஓலையில், தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியிடம் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி வருமே, அந்த வரியைக் கேட்டு நான் வியர்த்திருக்கிறேன். என் ஓலையை முதல் முறை வாசித்தபோது என் சொந்த அத்தை நான்காம் வரிசையில் இருந்தார். அவர் வீட்டுக்குச் சொல்ல மறுநாள் போவதாக இருந்தோம். அதன்பின் மூன்று வாரம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தடை ஒன்றும் தெரிவிக்கவில்லை என்பதே பெரிய காரியம்.

பதிவேட்டுக்காரன்

நான் ஒரு பங்கு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கிறேன். புதுவை நகரத்துக்குச் சற்று வெளியே உள்ள பழைய பங்கு. மாதத்துக்கு ஒருவராவது பிரான்சிலிருந்து பாட்டன் பூட்டன் பெயரைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்படி வந்த ஓர் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

எழுபது தாண்டியவர். முதலில் சம்பா கோயிலுக்குப் போயிருக்கிறார். ஆட்டோக்காரரிடம் "சான் போல் கோயில்" என்று கேட்டதற்கு அவர் ஊரையே சுற்றிக் காட்டியிருக்கிறார். சான் போல்தான் நம் வாயில் சம்பா ஆனது என்று ஆட்டோக்காரருக்கு யார் சொல்வது? 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கிய பிறகு, 1791இல் எழுந்த கோயில்தான் இன்று நாம் பார்ப்பது. பெயர் மட்டும் பழைய கோயிலுடையது. குடும்பம் எந்தப் பகுதி என்று விசாரித்து அங்கிருந்து எங்களிடம் அனுப்பி வைத்தார்கள்.

வந்ததும், "தம்பி, நாளைக்குப் பூசை எத்தனை மணிக்கு?" என்றார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண், "திருப்பலியா அம்மா?" என்றாள். அந்தச் சொல் அவருக்குத் தெரியவில்லை. சர்வேசுரன், தோத்திரம், பூசை, சம்மனசு: என் பாட்டியின் தமிழ் அது. 1962 ஆகஸ்ட் 16இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் இருந்தது. இவருடைய அப்பா எழுதிக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். பன்னிரண்டு வயதில் போனவர், அதன்பிறகு இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

தேடியது பாட்டியின் ஞானஸ்நானப் பதிவு. பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும். ஒரு பதிவுக்கு நான்கைந்து வரிதான்: நாள், பிள்ளை பெயர், பெற்றோர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், சாமியின் கையெழுத்து. வீட்டில் ராயப்பன் என்றால் ஏட்டில் பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேபுஸ். பெண்களில் பக்கத்துக்கு மூன்று மரியா. இரண்டு நாள் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். செல்லரித்த ஏட்டை விரலால் புரட்டக்கூடாது, அட்டைத் துண்டை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். அந்த அம்மா அதை என்னைவிடப் பொறுமையாகச் செய்தார்.

மூன்றாம் நாள் பாட்டியின் அக்காவை ஞானஸ்நானத்தில் தொட்ட ஞானத்தாயின் பெயரை வைத்துப் பிடித்தோம். அதே ஞானத்தாய், இரண்டு வருடம் கழித்து. பதிவின் ஓரத்தில் வேறு மையில் பொடி எழுத்தாக ஒரு குறிப்பு. ஒருவர் எங்கே கல்யாணம் செய்துகொண்டாலும் அந்தக் கோயிலிலிருந்து ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் வர வேண்டும், அதைப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். இன்றும் அப்படித்தான். குறிப்பில் இருந்த ஊர் வியட்நாமின் சைகோன்.

"எங்கள் வீட்டில் பாட்டி கல்யாணம் இங்கே நடந்ததாக அல்லவா சொல்வார்கள்?" என்றார். தாத்தா பிரெஞ்சுக்காரர் வேலையில் சைகோன் போனது தெரியும். அந்தக் காலத்தில் புதுவையிலிருந்து அங்கே போனவர்கள் ஏராளம். கல்யாணத்துக்கென்று இந்தப் பெண் தனியாகக் கப்பலேறிப் போயிருக்கிறாள் என்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. கீழே ஒரு வார்த்தை மையில் கரைந்திருந்தது. அதை நானும் சாமியும் பூதக்கண்ணாடி வைத்தும் படிக்க முடியவில்லை.

அந்த ஞாயிறு பாட்டி பெயரில் பூசை எழுதினார். ஊரைவிட்டுப் போனபோது பூசை லத்தீனில் நடந்தது. தமிழில் வந்தது அதற்குப் பிறகு. ஆகவே இங்கே தமிழில் பூசை கேட்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. கருத்து வாசித்தபோது என் முழங்கையைத் தட்டி, "இது யாருக்கு?" என்றார். "உங்கள் பாட்டிக்குத்தான் அம்மா" என்றேன். பிரெஞ்சு உச்சரிப்பிலேயே கேட்டுப் பழகிய பெயரைத் தமிழாகச் சொன்னதும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

முதுநகர் பேத்தி, கடலூர்

எங்கள் பங்கில் ஒரு பூசை முடியவே இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு. திருக்குடும்பத் திருநாள். வெள்ளி விழா கண்ட தம்பதியரைப் பீடத்துக்கு முன் அழைத்து ஆசி கொடுப்பதாக இருந்தது. நான் எட்டாம் வகுப்பு, பாடற்குழுவில் இருந்தேன். அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் முழுக்க நனைந்து உள்ளே ஓடி வந்து, "கடல் உள்ளே வந்துவிட்டது" என்றார். காலையிலேயே குடித்துவிட்டார் என்றுதான் பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். அவருக்குப் பின்னால் பெண்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவர்கள் காலில் சேறு.

பட்டுப்புடவை கட்டி வந்திருந்த வெள்ளி விழா அம்மா ஒருவர்தான் முதலில் எழுந்து ஒரு பிள்ளையை வாங்கினார். சாமி பூசை உடையோடு வெளியே போனார். "சென்று வாருங்கள், திருப்பலி முடிந்தது" என்று அன்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அறிக்கை ஒரே வரியில் தொடங்கியது: "பழைய துணி போதும்." ஊர் ஊராக லாரியில் வந்த துணி சாலையோரத்தில் குவிந்து மழையில் ஊறிக்கொண்டிருந்தது. பாய், குடம், ஸ்டவ், உள்ளாடை என்று வாசித்தார்கள். உள்ளாடை என்று கோயில் மைக்கில் சொன்னதற்கு முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். முகாமில் படுத்திருந்த பெண்கள் யாரும் முணுமுணுக்கவில்லை.

முந்திரிக்காடு

பண்ருட்டிப் பக்கம். தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30, வெள்ளி விடியலில். முந்திரியும் பலாவும் வேரோடு போயின. ஞாயிறு புத்தாண்டுப் பூசை. மின்சாரம் இல்லை, மைக் இல்லை, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் குச்சியும் காகிதமுமாகக் குளத்தில் மிதந்தது. சாமி நடுக்கோயிலுக்கு இறங்கி வந்தார். "கூரை போனவர்கள் கை தூக்குங்கள்" என்றார். தூக்கினோம். "கூரை இருக்கிறவர்கள், பக்கத்தில் யார் கை தூக்கினார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அன்றைய அறிக்கை முடிந்தது. எங்கள் பிள்ளைகள் ஐந்து வாரம் அடுத்த தெரு மாடி வீட்டில் தூங்கினார்கள். அந்த வீட்டாரோடு அதற்கு முன் வாய்க்கால் தகராறில் நாங்கள் பேசுவதில்லை.

பழைய பாட்டு

இப்போதெல்லாம் சனிக்கிழமை இரவே வாட்ஸ்அப்பில் அறிக்கை வந்துவிடுகிறது. நன்மை வாங்கிய கையோடு கோயில் பாதி காலி. அறிக்கையை முன்கூட்டி அனுப்புவது தவறு என்று பங்குப் பேரவையில் சொன்னேன். கூட்டத்தின் குறிப்பையும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினார்கள்.

ரெட்டியார்பாளையம்

மைக் பிடித்தவரே, அந்தக் கைத்தடிப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார்?

மைக் பிடித்தவன், புதுச்சேரி

போன ஞாயிறும் வந்தார். அதே மூன்றாம் வரிசை. நான் நோட்டை எடுத்துக்கொண்டு மைக் பக்கம் போனால் தடியை மடியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொள்கிறார். வலது பக்கத்துப் பெயர்களை வாசித்து முடிக்கும்வரை கீழே வைப்பதில்லை.