மேடைக்கு வந்தவரும் வராதவரும்: திருகோணமலைத் தொண்டர்கள் பற்றி உங்கட அனுபவங்கள்

உப்புவெளியான்:

டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு நடந்த பாராட்டு விழா ஒண்டு. ஆர் நடத்தினது, எங்க நடந்தது எண்டதெல்லாம் வேண்டாம். மனசு இன்னும் ஆறேல்ல, அதான் எழுதுறன்.

எங்கட கரையில ஒரு அண்ணர். கன படகு வைச்சிருக்கிற சம்மாட்டி இல்லை. ஒரே ஒரு பைபர் படகு, அதுவும் கடன்ல வாங்கினது. 2025 நவம்பர் கடைசியில மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் தண்ணிக்க கிடக்குது, மாவிலாறு கட்டும் உடைச்சிட்டுது எண்டு கேள்விப்பட்ட உடனே படகை டிராக்டர் பெட்டியில ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டிட்டார். ரோட்டு இருந்த மட்டும் டிராக்டர், அங்கால வயலுக்குள்ளால படகு. கடல்ல ஓடுற ஆளுக்கு வயல் வெள்ளம் வேற விசயம். வேலிக் கம்பி தண்ணிக்குக் கீழ கிடக்கும், இஞ்சின் விசிறியில சுத்திச்செண்டா எல்லாம் முடிஞ்சுது. அதால ஒரு பெடியன் கழுத்தளவு தண்ணிக்க படகுக்கு முன்னால நடந்து, கம்பால குத்திக் குத்தி வேலி எங்க போகுதெண்டு பாத்துச் சொன்னவன். பகல் முழுக்க அதுதான் அவன்ர வேலை.

விழாவுக்குக் கூப்பிட்டது அண்ணரை மட்டும். பொன்னாடை போட்டாங்க, கேடயம் குடுத்தாங்க. அவர் மைக்கைக் கேட்டு வாங்கி, சட்டைப் பையிலயிருந்து ஒரு துண்டு எடுத்தார். “என்னோட வந்த ஆக்களின்ர பேரைச் சொல்லோணும்.” முதல் டிராக்டர்காரன்ர பேர். பிறகு, சோறு கட்டிக் குடுத்த அக்காட பேர். கடைசி வரிசையில அந்தப் பெடியனும் தாயும் இருந்தவை. அடுத்தது தன்ர மகன் எண்டு அவவுக்குத் தெரியும், சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து இருந்தவ. அந்த நேரம் பாத்து அறிவிப்பாளர் “நேரம் போதாமை காரணமாக” எண்டு சொல்லிக்கொண்டே மைக்கை அண்ணற்ற கையிலயிருந்து எடுத்திட்டார். அதுக்குப் பிறகு பேசின பிரதம விருந்தினருக்கு நேரம் தாராளமா இருந்தது.

அந்தத் தாயின்ர முகம் எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது.

கிண்ணியாத் தங்கச்சி:

வாசிக்கவே நெஞ்சு கனக்குது நானா. நான் சொல்றது 2017 டெங்குக் காலம். கிண்ணியாவில வீட்டுக்கு வீடு காய்ச்சல், ஆஸ்பத்திரியில கட்டில் இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எங்கட ஒழுங்கையில ஒரு ராத்தா. அவங்களுக்கு ஒரு பதவியும் இல்ல, சங்கத்துலயும் இல்ல. காலையில பிள்ளைகளை மத்ரஸாவுக்கு அனுப்பிட்டு டோர்ச் ஒண்டோட வந்திருவாங்க.

எங்கட வீட்டுக்கும் வந்தாங்க. உம்மாவுக்குக் கோபம். “நாங்க முற்றமெல்லாம் கூட்டித்தானே வெச்சிருக்கிறம்” எண்டாங்க. ராத்தா ஒண்டும் பேசல்ல. குசினிக்குள்ள போய் பிரிஜ்ஜைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, பின்னால அடியில இருக்கிற தட்டுக்கு டோர்ச் அடிச்சாங்க. அந்தத் தட்டு இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது. வெளிச்சம் பட்டதும் நுளம்புப் புழுக்கள் நெளிஞ்சு நெளிஞ்சு கீழ இறங்குது. என்ட சின்னத் தம்பி அதுக்குப் பக்கத்திலதான் பாய் போட்டுப் படுக்கிறவன்.

தண்ணியை ஊத்தினாப் போதாது, முட்டை தட்டுல ஒட்டிக் காய்ஞ்சு மாசக்கணக்கில கிடக்கும், திரும்பத் தண்ணி பட்டா பொரிக்கும் எண்டு சொல்லி, தேங்காய்த் தும்பால உரஞ்சிக் காட்டினாங்க. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதைச் செய்யுங்க எண்டாங்க. உம்மா இண்டைக்கு வரைக்கும் செய்றாங்க.

பிறகு சான்றிதழ் குடுக்கிற நேரம் பட்டியல்ல ராத்தாட பேர் இல்ல. சங்கத்துல உள்ள ஆக்களைத்தான் எழுதியிருந்தாங்க. நாங்க ஒழுங்கைப் பொம்புளைகள் சேர்ந்து ஒரு புடவை வாங்கிக் குடுத்தம். “இதுக்கா நான் வந்தேன்” எண்டு அழுதிட்டாங்க. பெருநாளைக்கு அதைத்தான் உடுத்தாங்க.

விழாக்குழு ஐயா:

முதல்ல எழுதின தம்பிக்கு ஒரு வார்த்தை. நான் கனகாலமா எங்கட பகுதிச் சனசமூக நிலையத்தில விழா ஒழுங்கு செய்யிற ஆள். மண்டபம் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் கிடைக்கும். ஒலிபெருக்கிக்காரன் நேரம் பாப்பான். வயசுபோனவை, கைக்குழந்தையோட வந்த தாய்மார் எல்லாம் இருக்கினம். அறிவிப்பாளரை மட்டும் குற்றம் சொல்லுறது சரியில்லை. பிழை அதுக்கு முதலே, பட்டியல் போடேக்கயே நடந்திருக்கு. படகு ஓட்டினவரிட்ட “உங்களோட ஆர் ஆர் வந்தவை?” எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.

எங்கட விழாவிலயும் ஒருக்கா ஒரு மருத்துவிச்சி அம்மா பொன்னாடையைக் கையில வாங்கி, பக்கத்தில நிண்ட சிற்றூழியருக்குப் போட்டுவிட்டவ. சபை எழும்பி நிண்டது. அண்டைக்கு எனக்கு விளங்கினதை வைச்சு, இனிமேல் விழா வைக்கிற பிள்ளையளுக்குச் சொல்லுறன்.

ஐ.நா. சபை 1985இல டிசம்பர் 5ஐச் சர்வதேச தொண்டர் தினமா அறிவிச்சது. சரி. ஆனா எங்களுக்கு டிசம்பர் எண்டா மாரி உச்சம். புரேவிப் புயல் 2020 டிசம்பர் 2 இரவுதான் திருகோணமலை நகருக்கு வடக்குப் பக்கம் கரையேறினது. அந்த நேரம் உண்மையாத் தொண்டு செய்யிற ஆள் முகாம்ல நிப்பான், இல்லாட்டி வாய்க்கால் வெட்டிக்கொண்டு நிப்பான். அவனை மண்டபத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டான், வேற ஆர் வருவினமெண்டு உங்களுக்கே தெரியும். மாசி, பங்குனியில வையுங்கோ.

கிராம சேவகரிட்ட மட்டும் பேர் கேளாதேங்கோ. தேத்தண்ணிக் கடையில கேளுங்கோ, கோயில் மடப்பள்ளியில கேளுங்கோ, பள்ளிவாசல்ல கேளுங்கோ, சேர்ச்சில கேளுங்கோ. எங்கட ஊர்ல ஒரு ஒழுங்கைக்குள்ளயே மூண்டு சமயத்துச் சனமும் இருக்குது, ஒரு இடத்தில மட்டும் கேட்டா ஒரு பக்கத்துப் பேர்தான் வரும். பிறகு அந்த ஆளிட்டயே போய் விருப்பம் கேளுங்கோ. மேடை பிடிக்காத ஆக்களும் இருக்கினம். என்ன செய்தவர் எண்டதை மூண்டு வரியில எழுதி, அவருக்கே வாசிச்சுக் காட்டி, பேரெழுத்தைச் சரிபாருங்கோ. கேடயத்துக்குச் செலவழிக்கிற காசில படகுக்காரனுக்கு உயிர்காப்பு அங்கி வாங்கிக் குடுக்கலாம், இஞ்சின் திருத்திக் குடுக்கலாம். கடன்ல இருக்கிற மனுசனுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பித்தளை என்னத்துக்கு? அரசியல் ஆக்கள் வந்தா சபையில இருக்கட்டும், முதல் வரிசையை அண்டைக்குத் தொண்டர்களின்ர குடும்பத்துக்கு விடுங்கோ.

உப்புவெளியான்:

ஐயா, பட்டியல்ல பிழை எண்டது சரி. ஆனா அந்த மனுசன் பட்டியலைத் திருத்தத்தான் பையிலயிருந்து துண்டை எடுத்தவர். ஒரு பேரைச் சொல்ல எவ்வளவு நேரம் போகும்? அதை நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

பாலையூற்று மகள்:

ரெண்டு பேரும் விழாவைப் பற்றியே கதைக்கிறீங்க. விழாவே காணாத ஒருத்தரைப் பற்றி நான் சொல்லுறன்.

2004 டிசம்பர் 26, சுனாமி. நான் அப்ப சின்னப் பிள்ளை. அப்பா சித்தியைத் தேடி ஆஸ்பத்திரிப் பக்கம் போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனவர், வீட்டில விட ஆளில்லை. வெளியில ஒரு மேசை. ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருத்தர், வயசானவர், சீ.ஆர். கொப்பி ஒண்டில எழுதிக்கொண்டிருந்தார். அடையாளம் தெரியாத ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி. உடுப்பின்ர நிறம், காதில தோடு, கையில பச்சை குத்தினது, கால்ல பழைய காயத் தழும்பு. கோடு கீறி, அழகான எழுத்தில. ஆரும் அவரை அதுக்கு நியமிக்கேல்ல. புதைச்சாப் பிறகு சொந்தக்காரர் வந்தா என்ன சொல்லுறது எண்டு அவராவே கொப்பி வாங்கிக்கொண்டு வந்து இருந்தவராம்.

அப்பா நிறமும் தோடும் சொல்ல, அவர் விரலை வைச்சு வரி வரியா இறக்கிக்கொண்டு வந்தார். விரல் ஒரு இடத்தில நிண்டது. எழும்பி வந்து அப்பாட தோளைப் பிடிச்சுக்கொண்டுதான் வாசிச்சவர்.

சித்திக்கு இண்டைக்கு ஒரு கல்லறை இருக்குதெண்டா அவரால. அவர் செத்து வருசக்கணக்காகுது, பொன்னாடை ஒண்டும் கண்டதில்லை. உயிரோட இருக்கிறவையை மட்டும் தேடாதேங்கோ, போனவையின்ர பிள்ளையளையும் ஒருக்காக் கூப்பிடுங்கோ.

குறிஞ்சாக்கேணிக்காரன்:

2021 நவம்பர் 23 எங்கட ஊர்ல என்ன நடந்ததெண்டு உலகத்துக்கே தெரியும். பாலம் கட்டுப்படுற நேரம், இழுவைப் படகு கவிழ்ந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள்ட உசிர் போச்சு. கரையில நிண்ட பொடியன்கள் உடுப்போட குதிச்சாங்க. அதுல ஒருத்தன் என்ட கூட்டாளி.

பிறகு அவனைக் கௌரவிக்கக் கேட்டு ஆள் வந்தாங்க. நானும் கூட இருந்தேன். அவன் சொன்னது இதுதான்: “அந்தப் பிள்ளைட உம்மா சபையில இருந்தா நான் எப்பிடி மாலைக்குக் கழுத்தை நீட்டுற?” வந்தவங்க எழும்பிப் போயிட்டாங்க.

விழாக்குழு ஐயா சொன்ன மாதிரி விருப்பம் கேக்கிறது நல்லது. ஆனா வேண்டாம் எண்டு சொன்னவனை அதோட விட்டுறாதீங்க. அவன் கனகாலம் நித்திரை இல்லாமத் திரிஞ்சான். ஒருத்தரும் போய் எப்பிடி இருக்காய் எண்டு கேக்கல்ல. அவனுக்கு உயிர்காப்புப் பயிற்சி முறையாப் படிக்க ஆசை, ஊர்ல வேற நாலு பேரையும் சேர்க்கலாம் எண்டுறான். யாருக்காவது வழி தெரிஞ்சா சொல்லுங்க.

பாலையூற்று மகள்:

செஞ்சிலுவைச் சங்கக் கிளையில முதலுதவிப் பயிற்சி எப்ப எண்டு முதல்ல விசாரியுங்க. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்கள்ல வேலை செய்யிற உயிர்காப்பாளர்மாரிட்டயும் கேட்டுப் பாக்கலாம், எங்க படிச்சவை எண்டு சொல்லுவினம். உப்புவெளியான், உங்கட பக்கம்தானே, நீங்க கேட்டுச் சொல்லுங்களன்.

உப்புவெளியான்:

நாளைக்கே கேக்கிறன். குறிஞ்சாக்கேணித் தம்பி, எத்தினை பேர், என்ன வயசு எண்டு எனக்குத் தனியா எழுதுங்க.