பொம்மைக் கார்களுக்கும் குடும்பக் கூடல்களுக்கும் ஒரே கேமரா: முதலில் எதை வாங்குவது?

கேள்வி: சிறுவண்டி

நண்பர்களுக்கு வணக்கம். பத்து ஆண்டுகளாக 1:64 அளவிலான (உண்மைக் காரில் 64இல் ஒரு பங்கு) உலோகப் பொம்மைக் கார்களைச் சேகரித்து வருகிறேன். இப்போது முந்நூறைத் தாண்டிவிட்டன. அண்மையில், கைகால்களை மடக்கி நிறுத்தக்கூடிய 15 செ.மீ. உயர உருவப் பொம்மைகளும் சில சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அதன் நிறம், சக்கர வகை, அடித்தட்டில் பொறித்திருக்கும் எண் ஆகியவற்றுடன் ஒரு பதிவேடு தயாரிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இதுவரை கைபேசியில்தான் எடுத்துவந்தேன். காரின் முன்பக்கம் உப்பிப் பெருத்தும் பின்பக்கம் சுருங்கியும் விழுகிறது. அறை விளக்கு காரின் கூரையின்மேல் வெள்ளைப் பொட்டாகப் பளீரிடுகிறது. ஒரே சிவப்பு வண்டி ஒரு படத்தில் ஆரஞ்சாகவும் அடுத்த படத்தில் மெரூனாகவும் தெரிகிறது.

இன்னொரு தேவையும் உண்டு. குடும்பத்தார் கூடும்போதெல்லாம் படம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. பெரும்பாலும் மாலை நேரம், வீட்டுக்குள், குழல் விளக்கு வெளிச்சத்தில்தான் கூடுகிறோம். சென்ற முறை என் பாட்டி தம் கொள்ளுப்பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தம் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுக்க, வாய்விட்டுச் சிரித்தார். நான்கு படங்கள் எடுத்தேன். நான்கிலும் குழந்தையின் கை வெறும் மங்கல் கோடாகப் பதிந்திருக்கிறது. பாட்டிக்கு வயது எண்பத்தாறு. அந்தச் சிரிப்பை நான் தவறவிட்டது இன்றும் உறுத்துகிறது.

ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் கொண்ட ஒரு கேமராவை, அதனுடன் சேர்த்தே விற்கும் 18-55 மி.மீ. கிட் லென்ஸுடன் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்குமேல் இப்போதைக்கு ஒரே ஒரு பொருளைத்தான் வாங்க இயலும். மிக அருகில் எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸ் வாங்குவதா, ஜூம் இல்லாத எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது) வாங்குவதா, அல்லது இன்னும் சில மாதங்கள் பொறுத்து, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கே போய்விடுவதா? இரண்டு வேலைகளையும் செய்து பார்த்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: ஒளித்தாள்

நண்பரே, நீங்கள் குறிப்பிட்ட மூன்றையும் இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, தலை திரும்பக்கூடிய ஃப்ளாஷ் ஒன்றை வாங்குங்கள் என்பேன். உங்கள் இரண்டு தேவைகளும் எதிரெதிர்த் திசைகளில் இழுப்பவை. இரண்டுக்கும் நடுவில் பொதுவாக இருக்கும் குறை ஒளிதான்.

7 செ.மீ. நீளமுள்ள கார் ஏபிஎஸ்-சி கேமராவின் படச்சட்டத்தின் அகலத்தில் முக்கால் பங்கை நிரப்பினால், அதன் பிம்பம் சென்சாரின்மேல் உண்மை அளவில் கால் பங்காக விழுகிறது. அவ்வளவு நெருக்கத்தில் எஃப் 8 வைத்தாலும் தெளிவாகப் பதியும் ஆழம் ஆறு அல்லது ஏழு மி.மீ.தான், எஃப் 1.8இல் அது ஒன்றரை மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும், முன்விளக்கு தெளிவாக இருந்தால் அதற்குப் பின்னாலுள்ள சக்கரம் கரைந்துபோகும். ஆகவே பொம்மைக்கு லென்ஸின் துளையைச் சுருக்கியே ஆக வேண்டும், சுருக்கினால் வெளிச்சம் போதாது. கூடத்தில் நிலைமை வேறு: ஆட்கள் அசைகிறார்கள், ஷட்டரை வேகமாக வைக்க வேண்டும், அங்கும் வெளிச்சம் போதாது.

பல 18-55 கிட் லென்ஸ்கள் 25 செ.மீ. தொலைவு வரை நெருங்கி ஃபோகஸ் செய்பவை, 55 மி.மீ. முனையில் உண்மை அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிம்பம் கிடைக்கும். 1:64 காருக்கு அது போதும். மேட்ச்பாக்ஸ் என்ற பெயரில் வரும் பொம்மை வண்டிகள் 1953இல் தொடங்கியபோதே பெட்டிக்குள் அடங்கும்படி அளவெடுக்கப்பட்டவை என்பதால், உங்கள் சேகரிப்பில் அவை இருந்தால் லாரியும் காரும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பதிவேட்டுப் படங்களுக்கு இது பெரிய வசதி, ட்ரைபாடையும் விளக்கையும் ஒருமுறை அமைத்துவிட்டால் வண்டிகளை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

ஒளியமைப்பைச் சொல்கிறேன். ஏ3 அளவு ட்ரேசிங் தாள் அல்லது பட்டர் பேப்பர் ஒன்றைச் சட்டத்தில் ஒட்டி, காருக்கு மேலே 20 செ.மீ. உயரத்தில், சற்றே பின்தள்ளிப் படுக்கைவாட்டில் நிறுத்துங்கள். ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, வயர்லெஸ் ட்ரிக்கர் மூலம் இயக்கி, தாளுக்கு அரை மீட்டர் மேலிருந்து கீழ்நோக்கி அடிக்க விடுங்கள். தாளின் நீளம் 42 செ.மீ.; 1:64 உலகத்தில் அது 27 மீட்டர் நீளமுள்ள வானம். கூரையில் பொட்டாக விழுந்த அதே வெளிச்சம் இப்போது பானட்டிலிருந்து டிக்கி வரை மென்மையான ஒரே பட்டையாக வழிந்து, உலோகத் தகட்டின் வளைவை வரைந்து காட்டும். உண்மைக் கார்களை ஸ்டுடியோவில் படமெடுப்பவர்கள் தலைக்குமேல் பெரிய வெள்ளைப் பரப்பைத் தொங்கவிடுவதும் இதற்காகத்தான். முன்பக்கம் இருண்டிருந்தால் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வையுங்கள், போதும்.

கேமராவை 1/160 நொடி, எஃப் 11, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 200 என்று கைமுறையில் வைத்தால் அறை விளக்கின் பங்கு ஏறக்குறைய இல்லாமலே போகும். உங்கள் சிவப்பு வண்டி நிறம் மாறுவதற்குக் காரணம், இரண்டு மூன்று விதமான விளக்குகளின் கலவையைக் கைபேசி ஒவ்வொரு முறையும் வேறு வேறாகக் கணித்துக்கொள்வதுதான். ஒளி ஒன்றே ஆனால், ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒருமுறை வெள்ளைச் சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே பதியும்படி நிறத்தைச் சரிசெய்வது) அமைத்த பிறகு, முந்நூறு வண்டிகளுக்கும் நிறம் ஒன்றுபோலவே வரும்.

ஃபுல் ஃபிரேம் உங்கள் பொம்மைகளுக்கு உதவாது. அதே கோணத்தில், அதே எஃப் எண்ணில், தெளிவின் ஆழம் அங்கே இன்னும் குறைவு.

மறுமொழி 2: முக்கால்பார்வை

ஒளியைப் பற்றி மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் காரின் முன்பக்கம் உப்புவதற்கு ஒளி காரணமன்று. தொலைவுதான் காரணம் என்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

கைபேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற கோணம் கொண்டது. சட்டத்தை நிரப்ப அதைக் காரின் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோகிறோம். அங்கிருந்து பார்க்கும்போது பம்பருக்கும் பின்விளக்குக்கும் உள்ள தொலைவு விகிதம் பெரிதாகிவிடுகிறது. தெருவில் நிற்கும் காரை ஆறு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம் என்றால், 1:64இல் அது 9 செ.மீ.க்குச் சற்று மேல். நாம் கைபேசியை அதைவிட நெருக்கத்தில் வைத்துவிடுகிறோம். கிட் லென்ஸை 55இல் வைத்துப் பின்னுக்கு நகர்ந்தாலே உப்பல் மறைந்துவிடும்.

உயரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். நின்றிருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 160 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, 64ஆல் வகுத்தால் இரண்டரை செ.மீ. பொம்மை பொம்மையாகவே தெரிவதற்கு முதன்மையான காரணம், நாம் அதை மேலிருந்து, ஏதோ ஐந்தாம் மாடியிலிருந்து குனிந்து பார்ப்பதுபோல எடுப்பதுதான். கேமராவை மேசைமேல் அப்படியே வைத்தாலும் லென்ஸின் மையம் 4 செ.மீ. உயரத்தில் நிற்கும், அதைக் கீழே இறக்க முடியாது. அதனால் காரை உயர்த்துங்கள். ஒன்றரை செ.மீ. தடிமனுள்ள கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின்மேல் சாம்பல் நிறத் தாளை விரித்து, அதன் விளிம்பை ஒட்டி வண்டியை நிறுத்துங்கள். முதல் முறை திரையில் பார்த்தபோது நான் பேச்சற்றுப் போனேன்: சக்கர வளைவுக்குள் நிழல் விழுந்திருந்தது, கண்ணாடி வழியே ஸ்டியரிங் தெரிந்தது, வண்டி தன் எடையோடு தரையில் நின்றது.

பக்கவாட்டுப் படத்துக்கு எஃப் 11 போதும். முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் முக்கால் கோணத்தில், அருகிலிருக்கும் மூலைக்கும் தொலைவிலிருக்கும் மூலைக்கும் ஐந்தாறு செ.மீ. இடைவெளி வந்துவிடும். எஃப் 22 வரை சுருக்கி அதை மறைக்கப் பார்க்காதீர்கள். எஃப் 16ஐத் தாண்டினால், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மழுங்கும். ட்ரைபாடில் வைத்து, ஃபோகஸை நான்கைந்து மி.மீ. வீதம் நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாக அடுக்குவதே வழி. சில கேமராக்கள் ஃபோகஸைத் தாமாகவே படிப்படியாக நகர்த்தித் தரும்; வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடித்தட்டு எண்களுக்கு மட்டும் கிட் லென்ஸ் போதாமல் போகலாம். அதற்கு மேக்ரோ லென்ஸுக்குப் பதில் நீட்டிப்புக் குழாய் வாங்கலாம். அதில் கண்ணாடியே இல்லை, லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளிவைக்கும் வெற்று வளையம்தான். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 20 மி.மீ. வளையம் செருகினால், லென்ஸ் முன்பே தரும் அளவுடன் இன்னும் 0.4 மடங்கு கூடும். ஆனால் லென்ஸின் மின்தொடர்புப் புள்ளிகளைக் கடத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பல லென்ஸ்களில் துளையைக் கட்டுப்படுத்த முடியாது.

மறுமொழி 3: கூடத்துமூலை

மேலே இருவரும் பொம்மைகளைப் பற்றியே விரிவாகப் பேசிவிட்டார்கள். எனக்கு உங்கள் பாட்டியின் சிரிப்புதான் மனத்தில் நிற்கிறது. பொம்மை நாளைக்கும் மேசையில் இருக்கும்.

நான் செய்த தவறு உங்களுக்கு நேர வேண்டாம் என்பதால் சொல்கிறேன். ஏபிஎஸ்-சி கேமராவுக்கு முதல் துணையாக 100 மி.மீ. மேக்ரோ வாங்கினேன். ஆட்களை எடுக்கவும் அது அழகாக இருக்கும் என்று படித்திருந்தேன். குடும்பத்தார் கூடிய அன்று, கூடத்தின் சுவரில் முதுகை ஒட்டி நின்றும் இரண்டு பேருக்குமேல் சட்டத்துக்குள் வரவில்லை. என் தந்தையின் உடன்பிறந்தவர்கள் ஐவரும் ஒன்றாக அமர்ந்த கடைசி நாள் அது. ஐவரும் சேர்ந்த படம் என்னிடம் இல்லை.

ஆகவே ஃப்ளாஷ் என்பதை நானும் வழிமொழிகிறேன். கூரை வெள்ளையாக இருந்தால் ஃப்ளாஷின் தலையை மேல்நோக்கி, சற்றே பின்பக்கமாகத் திருப்பி அடியுங்கள். கூரை முழுவதும் விளக்காகிவிடும், முதியவர்களின் கண்ணில் நேரடியாக வெளிச்சம் பாயாது. கூரையில் மரமோ நிறமோ இருந்தால் அந்தச் சாயல் எல்லார் முகத்திலும் இறங்கும். அப்போது வெள்ளைச் சுவரைத் தேடித் திருப்புங்கள். ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 1/125 நொடி என்று தொடங்கலாம். ஃப்ளாஷின் மின்னல் நொடியில் மிகச் சிறு பங்கே நீடிப்பதால், குழந்தையின் கை அசைந்துகொண்டே இருந்தாலும் தெளிவாக நிற்கும்.

அடுத்து பணம் சேரும்போது 35 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். கிட் லென்ஸ் நீண்ட முனையில் எஃப் 5.6தான் தரும், அதனுடன் ஒப்பிட்டால் எஃப் 1.8 உள்ளே விடும் ஒளி ஏறக்குறைய பத்து மடங்கு. ஃப்ளாஷ் அடிக்க மனம் வராத நேரங்கள் உண்டு, உறங்கும் குழந்தை போல. அப்போது இந்த லென்ஸ்தான் துணை. ஆனால் இரண்டு வரிசையாக நிற்கும் குழுவை எஃப் 1.8இல் எடுக்காதீர்கள்: மூன்று மீட்டர் தொலைவில் தெளிவின் ஆழம் அரை மீட்டர்தான், பின்வரிசை மங்கிவிடும். எஃப் 4இல் அது ஒரு மீட்டருக்குமேல் கிடைக்கும்.

ஓசையில்லாமல் எடுக்கலாம் என்று மின்னணு ஷட்டரைப் போட்டுவிடாதீர்கள். எல்இடி விளக்குகள் பல, மின்சாரத்தின் அலைவுக்கேற்ப நொடிக்கு 100 அல்லது 120 முறை துடிப்பவை. மின்னணு ஷட்டர் படத்தை வரிவரியாகப் பதிவதால் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். ஃப்ளாஷ் இல்லாதபோது இயந்திர ஷட்டரில் 1/100 அல்லது 1/125 நொடியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவின் பாடியில் நான் வலியுறுத்துவது ஒன்றே: திரை மடிந்து திரும்ப வேண்டும். மேசையில் பொம்மை மட்டத்துக்குத் தாழ்த்தவும், கூட்டத்தில் தலைகளுக்குமேல் தூக்கவும் அது இல்லாமல் முடியாது.

சிறுவண்டி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மடங்கும் திரையுள்ள பாடியும் ஃப்ளாஷும் ட்ரிக்கரும் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஓர் ஐயம் மட்டும் மீதி. நாற்பது வண்டிகள் இன்னும் பிரிக்காத அட்டையில், தெளிந்த பிளாஸ்டிக் குமிழுக்குள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க மாட்டேன். பிளாஸ்டிக்கின் பளபளப்பைப் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் பொருத்தும் வடிகண்ணாடி) நீக்கிவிடுமா?

ஒளித்தாள்

ஓரளவுதான். குமிழ் பல பக்கம் வளைந்திருப்பதால் ஒரு பக்கத்துப் பளபளப்பு நீங்கும்போது மறுபக்கத்தில் தங்கிவிடும். சில பிளாஸ்டிக்குகளில் வானவில் நிறக் கோடுகளும் தோன்றக்கூடும். அதைவிட, அட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, ஒளியை ஒரு பக்கத்திலிருந்து 45 பாகைக்கும் அதிகச் சாய்வில் கொடுத்துப் பாருங்கள். குமிழின் முகப்பில் கேமராவே பிரதிபலித்தால், ஒரு கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு வட்டம் வெட்டி, அதன் வழியாக எடுங்கள். குமிழை முன்னதாக மென்மையான தூரிகையால் துடையுங்கள். துணியால் தேய்த்தால் நிலைமின் ஏறி, தூசு இன்னும் கூடுதலாக ஒட்டும்.

சிறுவண்டி

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பழைய அகராதி ஒன்றின்மேல் சாம்பல் தாள் விரித்து, மேலே ட்ரேசிங் தாள் கட்டி, முதல் அறுபது வண்டிகளை எடுத்து முடித்துவிட்டேன். அறுபதிலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. ஒரு வண்டியின் கதவோரத்தில் மயிரிழை அளவு வண்ணம் உதிர்ந்திருப்பதைப் பத்து ஆண்டுகளில் முதன்முறையாகப் படத்தில்தான் பார்த்தேன்; பதிவேட்டில் அதையும் குறித்துக்கொண்டேன்.

சென்ற ஞாயிறு பாட்டியின் வீட்டுக்கும் கேமராவை எடுத்துச் சென்றேன். கொள்ளுப்பேத்தி இம்முறை கண்ணாடியைக் கழற்றித் தானே போட்டுக்கொண்டாள். ஃப்ளாஷைக் கூரைக்குத் திருப்பியிருந்தேன். குழந்தையின் ஐந்து விரல்களும் பாட்டியின் கன்னத்தில் பதிந்திருப்பது தெளிவாக விழுந்திருக்கிறது. விரல் அழுத்திய இடத்தில் கன்னத்துச் சுருக்கம் குழிந்திருப்பதுகூடத் தெரிகிறது.