ஹுகோவ் முறையைச் சீனர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

கேள்வி:
சீனாவில் 1958-இல் சட்டமான ஹுகோவ் எனும் குடும்பப் பதிவு முறை, வேலை தேடி நகரத்துக்கு வந்த கிராமத்தவரை இன்றும் சொந்த ஊரோடு பிணைத்து வைத்திருக்கிறது. இதைப் பற்றி அங்குள்ள மக்கள் என்ன கருதுகிறார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஒரே கருத்து அங்கு இல்லை. வெளியூர்ப் பிள்ளைகளும் தங்கள் நகரிலேயே காவ்காவ் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதினால் தம் பிள்ளைகளுக்கான இடங்கள் குறையும் என்று பெய்ஜிங், ஷாங்காய்ப் பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். 2012-இல் உள்ளூர்ப் பெற்றோரும் வெளியூர்ப் பெற்றோரும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டனர். பிறந்து வளர்ந்த நகரை விட்டு, குடும்பப் பதிவு அங்கே இருக்கிறது என்பதற்காகவே பழகியிராத ஊருக்குத் தேர்வெழுத அனுப்பப்படும் பிள்ளையின் நிலை எனக்கு அநீதியாகவே படுகிறது.

மறுமொழி 2:
விவசாயப் பதிவு, விவசாயம் சாராப் பதிவு என்ற பாகுபாட்டை நீக்குவதாக அரசு 2014-இல் அறிவித்தது. சிறு நகரங்களில் பதிவு மாற்றுவதும் எளிதாயிற்று. ஆயினும், வேலை போனால் திரும்பிச் செல்ல இருக்கும் ஒரே பிடிமானமான கிராமத்து நிலத்தின் உரிமை கைநழுவிவிடுமோ என்று தயங்கி, நகரப் பதிவை வேண்டாம் என்போரும் உண்டு.

கேள்வி கேட்டவர்:
பெருநகரங்களில் நிலை என்ன?

மறுமொழி 2:
அங்கு படிப்பு, சமூகக் காப்பீடு செலுத்திய ஆண்டுகள் முதலியவற்றுக்குப் புள்ளிகள் அளித்தே பதிவு வழங்குகிறார்கள்; கட்டடத் தொழிலாளிக்கு அப்புள்ளிகள் எட்டுவது மிக அரிது.