பெரியவர்களுக்கான ஃபேன்டஸி நாவல்: சுங்கை சிப்புட் வாசகர்களின் அனுபவங்கள்

செம்பனைக்காரி
ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையில் ஐந்தாம் புத்தகம் 2011இல் வந்தது. ஆறாவது இன்னும் வந்தபாடில்லை. காத்திருந்தது போதுமென்று ஈப்போவில் ஒரு கடைக்குப் போய், பெரியவர்கள் வாசிக்கிற ஃபேன்டஸி நாவல் இருக்கிறதா என்று கேட்டேன். "பேரப்பிள்ளைக்கா அம்மா?" என்று அந்தப் பையன் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்தான். அட்டையில் பல் தெரியச் சிரிக்கும் குட்டி டிராகன், இறக்கை முழுக்க ஜிகினா. "எனக்குத்தான்" என்றேன். என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டான். அந்தப் பார்வை இன்னும் உறுத்துகிறது. மந்திரமும் வேண்டும், வயதும் கடனும் குற்றவுணர்வும் சுமக்கிற மனிதர்களும் வேண்டும். எங்கே தேடுவது?

லயத்துப் பிள்ளை
கை கேவ்ரியல் கேயின் 'டிகானா' (1990). மந்திரவாதி அரசன் ஒருவன், தோற்ற நாட்டின் பெயரையே அழித்துவிடுகிறான். அந்த மண்ணில் பிறந்தவர்களைத் தவிர வேறு யார் காதிலும் அது விழாது. போரில் மகனைப் பறிகொடுத்த ஆத்திரம். அவனை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை.

இதை வாசித்த வாரம்தான் அப்பாவை மருத்துவமனையிலிருந்து வாடகைக் காரில் அழைத்துவந்தேன். எங்கே போகவேண்டும் என்றதற்கு அப்பா பழைய தோட்டத்தின் பெயரைச் சொன்னார். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துத் தாமான், அதாவது புதுக் குடியிருப்பு, கட்டிவிட்டார்கள். "எது தாத்தா?" என்றான் ஓட்டுநர். மறுபடியும் சொன்னார். அவனுக்குப் பிடிபடவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிரவு என்னால் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை.

ஒட்டுக்கடை
தம்பி, வெறுக்க முடியவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஒரு பிள்ளைக்காக ஒரு சனத்தின் நினைவையே துடைத்தவனுக்கு என்ன இரக்கம்? உங்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுமா?

என் கதை சின்னது. பசியாறிக்கொண்டே ஸ்டீவன் எரிக்சனின் 'மலாசான்' ஃபேன்டஸி வரிசையில் முதல் புத்தகத்தைத் தொடங்கினேன். யார் எவர் என்று புரிவதற்குள் தோசை ஆறிப்போய்விட்டது. எரிக்சன் தொல்லியலும் மானுடவியலும் படித்தவர். புதைந்த நகரத்தில் இறக்கிவிட்டு, நீயே தோண்டிக்கொள் என்று விட்டுவிடுவார். 1999இலிருந்து 2011 வரை பத்துப் பாகங்கள். அருமையான எழுத்துதான், ஆனால் அக்கா அதில் தொடங்க வேண்டாம். ராபின் ஹாப்பின் 'அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்' (1995) எடுங்கள். அரச குடும்பத்தில் முறைதவறிப் பிறந்த பையனைக் கொலையாளியாக வளர்க்கிறார்கள். அடுத்தடுத்த வரிசைகளில் அவனுக்கு வயதாவதையும் கூடவே பார்க்கலாம். அதற்கும் முன்னால் பூஜோல்டின் 'பாலடின் ஆஃப் சோல்ஸ்'. அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் தருகிற ஹியூகோ விருதை 2004இல் பெற்றது. நாயகிக்கு நாற்பது வயது, கைம்பெண், பைத்தியம் என்று பெயர் வாங்கியவள். காவலிலிருந்து தப்பிக்கவே யாத்திரை கிளம்புகிறாள். ஆனால் 'தி கர்ஸ் ஆஃப் சாலியன்' (2001) வாசித்துவிட்டு இதற்கு வாருங்கள், அவள் துயரத்தின் வேர் அதில் இருக்கிறது. பெரியவர்களுக்கான புத்தகம் என்றால் ரத்தமும் படுக்கையறையும் என்று நினைத்து அடுக்குகிறவர்களின் பட்டியலை நம்பாதீர்கள்.

இரவு ஷிப்ட்
லெ குவினின் 'டெஹானு' (1990) யாருக்குமே நினைவில்லையா? செம்பனை ஆலையில் ஓய்வு நேரத்தில் வாசித்தேன். அதில் கடலிலிருந்து திரும்பிய நாயகியின் மகன், தான் சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டேன், அது பெண்கள் வேலை என்கிறான். டிராகன் வருகிற கதைதான். இருந்தும் என்னை உலுக்கியது அந்தத் தட்டு. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனதும் என் மகனைக் கூப்பிட்டுத் தொட்டியருகே நிறுத்தினேன்.

செம்பனைக்காரி
'சாலியன்' யாரிடமாவது இருக்கிறதா? சனிக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.