சின்ன ஊர் வங்கி நோட்டு: மறக்க முடியாத சந்திப்பு எது?

கொலம்பஸ்காரன்:
நான் சேர்ப்பது ஒஹாயோ ஊர்களின் நேஷனல் பேங்க் நோட்டுகள். 1863-இல் வந்த சட்டப்படி, அரசுப் பத்திரங்களை வாஷிங்டனில் ஈடாகக் கட்டிவிட்டு 1935 வரை ஒரு வங்கி தன் பெயர் போட்ட டாலர் நோட்டை வெளியிட முடிந்தது. 1900-இல் மூவாயிரம் பேருக்கு மேல் இல்லாத ஊருக்கு மூலதனம் 25,000 டாலர் போதும் என்றார்கள். அப்புறம் குட்டி ஊர்களிலெல்லாம் வங்கி முளைத்தது. வங்கி திவாலானாலும் நோட்டு செல்லும். அதனால் யாரும் எடுத்து வைக்கவில்லை, செலவழித்தே தீர்த்துவிட்டார்கள்.

போன வருடம் ஒரு நாணயக் கண்காட்சியில் 1902 வரிசைப் பத்து டாலர் கண்ணில் பட்டது. அமெரிக்க அதிபராக இருந்த மெக்கின்லியின் படம், நீல முத்திரை. ஊர்ப் பெயரைப் பார்த்ததும் கை பரபரத்தது. ஆனால் விலை ரொம்ப மலிவு, அதுதான் உறுத்தியது. இந்த நோட்டுகள் வெட்டாத தாளாகத்தான் வங்கிக்கு வரும். தலைவரும் காஷியரும் பேனாவால் கையெழுத்திட்டு, கத்தரித்துக் கொடுப்பார்கள். சிலர் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவார்கள், அந்த மை பெரும்பாலும் மங்கிப்போயிருக்கும். இதில் காஷியர் கையெழுத்து மட்டும் கருகருவென்று இருந்தது. லென்ஸ் வைத்தேன். எழுத்து மடிப்பைத் தாண்டும் இடத்தில், உடைந்த நாருக்குள் மை இறங்கிப் பரவியிருந்தது. நோட்டு மடிந்து தேய்ந்த பிறகு போட்ட கையெழுத்து! கடைக்காரரிடம் காட்டினேன். "என்னிடம் வந்தபோதே இப்படித்தான்" என்றார். இருக்கலாம். மங்கலாகவே விட்டிருந்தால் இரண்டு மடங்கு கொடுத்து வாங்கியிருப்பேன்.

பிட்ஸ்பர்க் பக்கம்:
எனக்கு நேர்மாறு. பக்கத்து வீட்டுப் பாட்டி 1929 வரிசை ஐந்து டாலர் ஒன்றைக் காட்டினார். பழுப்பு முத்திரை, எண் A000001A. காஷியராக இருந்த அவருடைய தாத்தாவின் கையெழுத்து அச்சிலேயே இருந்தது. முதல் நோட்டை வங்கிக்காரர்களே எடுத்து வைத்துக்கொள்வது உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்தது அன்றுதான். விலைக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "இது இன்னும் கடையில் செல்லுமா?" என்று அவர்தான் கேட்டார். செல்லும், ஆனால் ஐந்து டாலருக்குத்தான், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறை.

டாலஸ் மாமா:
கொலம்பஸ் தம்பி, அந்த நோட்டின் சார்ட்டர் எண், அதாவது அந்த வங்கிக்கு அரசு கொடுத்த உரிம எண், நினைவிருக்கிறதா? ஊர்ப் பெயர் மட்டும் போதாது. ஒரே ஊரில் வங்கி மூடி, அதே பெயரில் வேறு எண்ணோடு மறுபடி திறந்ததும் உண்டு. எண்ணைச் சொன்னால் அந்த வங்கி நோட்டு எத்தனை வெளியில் தெரியவந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.